பெயர் தொலைந்த வில்லுப்பாட்டுக் குரல்களைக் கேசட்டிலிருந்து மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் 1970களிலும் 80களிலும் விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டுக்காரர்கள் பலரின் பெயரைச் சொல்ல இன்று அவர்கள் ஊரிலேயே ஆளில்லை. குரல் மட்டும் இருக்கிறது. பரணில் கிடக்கும் பிஸ்கட் டப்பாவிலும், மைக்செட் கடையின் பழைய அலமாரியிலும், கோயில் தர்மகர்த்தா வீட்டு மேசை இழுப்பறையிலும் கேசட்டாகக் கிடக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் அதில் ஒரு துண்டை எங்கோ கேட்டுவிட்டு, "இது யார்?" என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கேசட் வைத்திருப்பவர்கள், பாடியவரின் பேரப்பிள்ளைகள், புதிதாகக் கேட்க வந்தவர்கள் என்று மூன்று தரப்பாரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேசட் கிடைத்துவிட்டது. உடனே போட்டுக் கேட்கலாமா?

வேண்டாம். முப்பது நாற்பது வருடம் ஓடாமல் கிடந்த நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும் ஆபத்து உண்டு. முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளைப் பாருங்கள். உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அவை இருக்கும் வரை தவறுதலாக 'ரெக்கார்ட்' பொத்தானை அழுத்தினாலும் பழைய பாட்டின்மேல் பதிவாகும். அப்படி அழிந்ததை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

அடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். பஞ்சு போலவோ பொடி போலவோ வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்வதால் இது நிறையவே உண்டு. பூஞ்சணம் பிடித்ததை ஓட்டினால் அது கேசட் ஓட்டும் டெக்கின் தலைக்கு (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதிக்கு) பரவி, அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். தனிப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். வீட்டு அடுப்பில் சூடு காட்டும் வழியையும் சிலர் சொல்வார்கள். கேசட்டுக்கு அது தேவையில்லை, கெடுதல்தான் மிஞ்சும்.

மூன்றாவது, கேசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் ஒரு சிறு கம்பளித் துண்டு செம்புப் பட்டையில் ஒட்டியிருக்கும். நாடாவைத் தலையோடு சேர்த்து அழுத்துவது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். பாடியவரின் குரல் போய்விட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்தத் துண்டு போனதால்தான்.

கேசட் கூடு இறுகிவிட்டது, நாடா அறுந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

முடியும். திருகாணி போட்ட கூடாக இருந்தால் ஐந்து திருகாணியையும் கழற்றி, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி, நல்ல நிலையிலுள்ள வேறொரு திருகாணிக் கூட்டில் வைக்கலாம். வழுக்குத்தாள், உருளைகள், கம்பளித் துண்டு எல்லாம் புதுக் கூட்டினுடையவையாக இருக்கட்டும். திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டிய கூடென்றால் விளிம்பு நெடுக மெல்லிய கத்தியால் கீறித் திறக்க வேண்டும். கத்தி உள்ளே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

அறுந்த நாடாவைச் சாதாரண செல்லோ டேப் போட்டு ஒட்டவே கூடாது. வெயில் காலத்தில் அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும். ஒலிநாடாவுக்கென்று விற்கும் ஒட்டுப்பட்டைதான் வேண்டும். இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நாடாவின் முதுகுப்புறத்தில் ஒட்டுங்கள். சுருளின் உள்பக்கம் பார்ப்பது முதுகு. தலையில் உரசும் வெளிப்பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது.

பென்சில் விட்டுச் சுற்றும்போது நாடா ஒருமுறை முறுக்கிக்கொண்டால், அந்த இடத்திலிருந்து குரல் மங்கலாகவும் பின்னோக்கியும் கேட்கும். பயப்பட வேண்டாம். முறுக்கை எடுத்தால் சரியாகிவிடும்.

எந்தக் கருவியில் ஓட்டுவது?

கணினியில் செருகும் மலிவான யு.எஸ்.பி. கேசட் பிளேயர்கள் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் மோட்டார் வேகம் அலையும், தலையின் சாய்வைத் திருத்தவும் வழியில்லை. பழைய வீட்டு டெக் ஒன்றைத் தேடி, பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றி, தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் ஈரத்துணி போதும். ஆல்கஹால் ரப்பரைக் காயவைக்கும். டெக்கின் 'லைன் அவுட்' துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), அங்கிருந்து கணினி. நாடா இரைச்சலைக் குறைக்கும் 'டால்பி' பொத்தான் அணைந்திருக்கட்டும். கொடைவீட்டில் பதிவு செய்த டேப்ரிக்கார்டரில் டால்பி இருந்திருக்காது.

ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசிவரை சுற்றி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். இறுகிய சுருள் தளரும். ஒரு வரி வருவதற்கு ஒன்றிரண்டு விநாடி முன்னால் அதே வரி மெல்ல எதிரொலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். சுற்றுக்குச் சுற்று காந்தம் படிவதால் வருவது அது. முன்னும் பின்னும் சுற்றினால் ஓரளவு குறையும்.

தலையின் சாய்வைத் திருத்துவது என்றால்?

மீட்பு வேலையில் பாதி இதுதான். டெக்கின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். பதிவு செய்த டேப்ரிக்கார்டரின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் டெக்கின் தலையும் இருந்தால்தான் உச்ச ஒலிகள் திரும்ப வரும். கையேடு சொல்லும் சரியான சாய்வு இங்கே பயன்படாது. அன்றைய ரிக்கார்டர் எவ்வளவு கோணலோ அவ்வளவு கோணல் உங்களுக்கும் வேண்டும்.

வில்லுப்பாட்டில் இதற்கு நல்ல வழிகாட்டி கைக்குள்ளேயே இருக்கிறது. வில்லில் கட்டிய மணிகள்! வீசுகோல் நாணில் விழும்போதெல்லாம் அவை குலுங்கும். இரண்டு ஒலித்தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, சிறு திருப்புளியால் திருகாணியை நூலளவு நூலளவாகத் திருப்புங்கள். மணி எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கேசட்டின் மறுபக்கத்துக்கு இதை மறுபடியும் செய்ய வேண்டும். ஒரே இரவில் பதிந்த கேசட்டுகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும்.

எந்த அளவில் பதிவது? கோப்பு எவ்வளவு பெரிதாகும்?

96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் அளவு இதுதான். இரு தடமாகப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி, 90 நிமிடக் கேசட்டுக்கு 3 ஜிபி. இடம் போதாதென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்கு இறங்கலாம், அதற்கும் கீழே வேண்டாம். அன்றைய பதிவு ஒற்றைத் தடமாக இருந்தாலும் இரு தடமாகவே எடுத்துவையுங்கள். நாடாவின் ஒரு விளிம்பு கெட்டிருந்தால் மற்றது காப்பாற்றும். அதிக ஒலி -6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். தாளத்துக்குத் தட்டும் குடத்தின் அடி எப்போது ஓங்கி விழும் என்று முன்கூட்டித் தெரியாது.

இந்த முதல் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். எம்பி3 எல்லாம் இதன் நகலிலிருந்து.

குரல் கீச்சென்று கேட்கிறது. வேகம் தப்பா?

பெரும்பாலும் அதுதான். பேட்டரியில் ஓடிய ரிக்கார்டரில் பேட்டரி தீரத் தீர நாடா மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் போகப்போக ஏறிக்கொண்டே வரும். இரண்டு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரல் நாலு கட்டையில் கேட்டால் சந்தேகப்படுங்கள். புதிதாகக் கேட்பவர்கள், "என்ன உயரமான குரல்!" என்று வியந்து பரப்பும் சில பதிவுகள் வெறும் வேகப்பிழைதான். அந்தப் பாடகரை அவருடையதல்லாத குரலால் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது வருத்தமான விஷயம்.

அளக்க ஒரு வழி உண்டு. மைக்செட் ஆம்பிளிஃபயரின் 'ஹம்' ஒலி குழாய் ஸ்பீக்கர் வழியாக நாடாவிலும் பதிந்திருக்கும். அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும், அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஒலிநிறமாலைக் காட்சியைத் திறந்து கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கினால் நேர்க்கோடுகளாகத் தெரியும். கோடு 52இல் இருந்தால் வேகம் 4 சதவீதம் கூடுதல். 50/52, அதாவது 3.85 சதவீதம் வேகத்தைக் குறையுங்கள். 'டெம்போ' மாற்றும் கருவியைத் தொடாதீர்கள், அது சுருதியை விட்டுவிட்டு நடையை மட்டும் மாற்றும். கோடு மேலே ஏறிக்கொண்டே போனால் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துத் திருத்துங்கள்.

இதில் மூன்று இடங்களில் தவறு வரும். உங்கள் டெக்கே ஹம் போடலாம். நாடா ஓடாமல் பத்து விநாடி பதிந்து பாருங்கள். அப்போதும் கோடு தெரிந்தால் அது உங்கள் வீட்டுக் கோடு, அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. இரண்டாவது, கொடைக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தால் 50 என்ற கணக்கே பொருந்தாது. மூன்றாவது, அந்தக் காலத்தில் மின்கட்டமைப்பே 50க்குக் கீழே, 48.5 வரைகூட இறங்கும். அப்போது 3 சதவீதம் பிழை வரும், அதாவது அரை ஸ்வரத்தில் பாதி. ஆகவே ஆர்மோனியம் இருக்கும் பதிவானால் அதன் சுருதியோடும், இல்லையென்றால் பாடியவரைக் கேட்டுப் பழகிய ஒருவரின் காதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். காது சொல்வதற்கே முதலிடம்.

இரைச்சலை முழுதாக நீக்கலாமா?

ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியும் வில்மணியின் குலுக்கலும் ஒன்றுபோலத் தெரியும். 12 டெசிபல் குறைக்கும்படி வைத்தால் மணி போய்விடும், ஜால்ராவின் விளிம்பு போய்விடும், உடுக்கை டின்னைத் தட்டியது போல ஆகிவிடும். மிஞ்சுவது தண்ணீருக்குள் இருந்து பாடுவது போன்ற ஒரு குரல். 4 முதல் 6 டெசிபல் வரை போதும். மென்பொருளுக்குக் காட்டும் இரைச்சல் மாதிரியையும் மணி ஒலிக்காத இடத்திலிருந்து எடுங்கள், பாட்டு தொடங்குமுன் மைக்கைத் தட்டிப் பார்க்கும் நேரம் நல்லது.

குடம் விழும்போதெல்லாம் குரல் அமுங்கி மெல்ல எழுந்து வருகிறதா? கைரிக்கார்டர்களில் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று இருந்தது. குடத்தின் அடி அதை அமுக்கிவிடும். இதைச் சரிசெய்ய, ஒலியளவைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் ஒன்றையும் மேலே போட்டால் இன்னும் கெடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றுக் குறைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

கதை உச்சத்தில் பாட்டு சட்டென நின்று மேளம் பொங்கினால் அதை வெட்டிவிடாதீர்கள். அங்கே சாமியாடுகிறார்கள். வில் நின்று நையாண்டி மேளம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. கொடையின் அமைப்பே அதில்தான் இருக்கிறது.

ஒரே இரவின் ஆறேழு கேசட் கலந்துவிட்டது. வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதையின் போக்கு முதல் சாட்சி. வில்லுப்பாட்டு காப்பில் (கடவுள் வணக்கத்தில்) தொடங்கி, வருபொருள் (பாடப்போகும் கதை) உரைத்து, குருவடி (ஆசான் வணக்கம்) பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் கடந்து கதைக்குள் போய், வாழி பாடி முடியும். நடுவில் குழம்பினால் காதைத் தீட்டிக் கேளுங்கள். பனி இறங்க இறங்க உடுக்கைத் தோல் தளர்ந்து ஒலி தாழும். முன்பாட்டுக்காரரின் தொண்டை கரகரக்கும். கோழி கூவினால் அது கடைசிக் கேசட். பக்கம் மாற்றும்போது போன வரிகள் போனவைதான். அங்கே "நாடா மாற்றம்" என்று குறித்துவிட்டு மேலே போங்கள், ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டாம்.

பாடியவர் யார் என்று உறைமேல் எழுதவில்லை. எங்கே தேடுவது?

முதலில் நாடாவுக்குள்ளேயே. குருவடி பாடும்போது முன்பாட்டுக்காரர் தன் ஆசானின் பெயரையும் பல நேரம் ஊரையும் சொல்லி வணங்குவார். ஆசான் கிடைத்தால் அவரிடம் பயின்றவர்கள் நாலைந்து பேருக்குள் தேடினால் போதும். வாழியில் கோயிலும் ஊரும் வரும். நடுநடுவே அன்பளிப்பு வாசிப்பார்கள், "இன்னார் பத்து ரூபாய்" என்று. அந்தப் பெயர்கள் எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று ஊரில் எழுபதைத் தாண்டியவர்கள் சொல்லிவிடுவார்கள். மைக்செட்காரர் தன் கடைப் பெயரைச் சொல்லியிருப்பார். அந்தக் கடைக்குப் போனால் மூலக் கேசட்டே கிடைக்கலாம், ஏனென்றால் மைக்கிலிருந்து நேரடியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது.

அடுத்தது காகிதம். கொடை நோட்டீசில் "வில்லிசை" என்று போட்டுக் குழுவின் பெயரையும் ஊரையும் அச்சடித்திருப்பார்கள். கோயிலின் வரவு செலவு நோட்டில் அச்சாரம் கொடுத்த கணக்கு இருக்கும். அதில் கொல்லம் ஆண்டு மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். ஜனவரி முதல் ஆடி முடிய 825ஐயும், ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1159 பங்குனி என்றால் 1984. பங்குனி, சித்திரைக் கொடைகளுக்கு எப்போதும் 825தான்.

கடைசியாக, வானொலி. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான் 1984இல் தொடங்கியது. அதற்குப் பிந்தைய கேசட் சில, வானொலியிலிருந்து வீட்டில் பிடித்தவை. அறிவிப்பாளர் குரல் ஒரு நொடி இருந்தாலும் அடையாளம் தெரியும்.

ஒரு சாட்சியை வைத்துப் பெயர் போட்டுவிடாதீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேண்டும், உதாரணமாகக் குருவடியும் நோட்டீசும். அதுவரை "பாடியவர்: அடையாளம் காணப்படவில்லை, ஆசான் பெயர் இன்னது" என்று எழுதுங்கள். தவறான பெயர் ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம், உண்மையில் பாடியவர் இரண்டாம் முறை மறக்கப்படுவார்.

முன்பாட்டுக்காரர் பெயர் மட்டும் போதாதா?

போதாது. வில்லுப்பாட்டு கூட்டுக்கலை. வலத்தே பாடுபவர், இடத்தே பாடுபவர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று குறைந்தது ஐந்தாறு பேர். குடக்காரர் பெயரைக் கேட்டு எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் கேட்டுப் பாருங்கள், பல குழுக்களின் தனித்த நடை குடத்திலிருந்துதான் வருகிறது. பெண்கள் பாடிய கேசட்டுகளில் "பெண் குழு" என்று மட்டும் எழுதி விட்டிருப்பார்கள். அங்கே இன்னும் பொறுமையாகத் தேட வேண்டும்.

மறக்கப்பட்டவர் உயிரோடிருக்கும்போதே மீண்டும் கேட்கப்பட்டது உண்டா?

பூங்கனி அம்மாள். வில்மேடையில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் சிறுவயதிலேயே பாட வந்தவர். முதுமையில் கொட்டாரம் அருகே சரவணந்தேரியில் வறுமையில் தனியாக வாழ்ந்தார். கடைசிச் சில ஆண்டுகளில்தான் இளையவர்கள் தேடிப்போய்ப் பேசிப் பதிவு செய்தார்கள். 2018 நவம்பரில், எண்பதைத் தாண்டிய வயதில் காலமானார். அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான். உங்கள் கேசட்டில் பாடியவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிப்பதை, கேசட்டைச் சுத்தம் செய்வதற்கும் முன்னால் செய்யுங்கள்.

பாடியவர் இருக்கிறார். எப்படிப் போய்ப் பேசுவது?

கேமராவோடு போகாதீர்கள். முதல் தடவை அவருடைய குரலோடு போங்கள். பென்டிரைவில் எம்பி3யாக ஏற்றி, வீட்டில் வைத்துக் கேட்கக்கூடிய சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுங்கள். கணினி இணைப்பு அனுப்பினால் அவருக்குப் பயன்படாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "இது பாதி ராத்திரி, இது இன்னான் குடம்" என்று தானாக விவரம் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்களானால் "பாட்டா" என்றோ "அண்ணாவி" என்றோ அழைப்பது நம் பக்கத்து வழக்கம். எது அவருக்குப் பிடிக்கும் என்பதை வீட்டாரிடம் கேளுங்கள்.

பாடச் சொன்னால் சம்பளம் கொடுக்க வேண்டும், அதையும் பாடுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். விசிறியை அணைத்து, போனை விமான நிலையில் போட்டு, ஒரு மைக் முகத்துக்கு, மற்றொன்று குடத்துக்கும் வில்லுக்கும் நடுவே. கடற்கரை ஊரானால் மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம்.

அரசு உதவி பற்றியும் எடுத்துச் சொல்லுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு, நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை, மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகள் என்று மூன்று வழி உண்டு. 66 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குரிய விருது கலை முதுமணி. நீங்கள் மீட்ட பதிவும் நோட்டீசுமே அவர் கலைஞர் என்பதற்கான சான்றாக விண்ணப்பத்தில் பயன்படும்.

இணையத்தில் ஏற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நீலி கதையோ சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் ஒரு புலவர் சொந்தமாக எழுதிய பாட்டு அவர் இறந்து 60 ஆண்டு வரை அவர் வாரிசுகளுக்குரியது. வெளியிடப்பட்ட ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் தயாரித்தவருக்கு. பாடியவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள். கேசட் கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. வானொலிப் பதிவானால் வானொலியிடம் கேட்க வேண்டும்.

ஒரு பக்கத் தாளில், தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பதிவு, எங்கே ஏற்றப்போகிறோம், வருமானம் வந்தால் யாருக்கு எத்தனை பங்கு, வேண்டாமென்றால் எத்தனை நாளில் எடுத்துவிடுவோம், இவ்வளவும் அதில் இருக்கட்டும். பெரிய வருமானம் வரும் என்று வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

கோயிலையும் கேளுங்கள். தெய்வம் இறந்துபடும் இடத்தைப் பாடினால் சாமி வரும் என்பதால் கொடைக்கு வெளியே அதை ஒலிக்கவிட விரும்பாத ஊர்கள் உண்டு. அந்தப் பகுதியைப் பொதுவில் ஏற்றாமல் காப்பகத்துக்கு மட்டும் கொடுக்கலாம். வேறு சிக்கலும் வரும். இந்தக் கதைகளில் பல, சாதி மீறிய காதலையும் அதற்காக நடந்த கொலையையும் சொல்பவை. பெயர்களை வெட்டிவிடச் சொல்லி அழுத்தம் வந்தால் வெட்டாதீர்கள். சூழலை விளக்கி ஒரு குறிப்பு எழுதுங்கள்.

ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் 'பீட்' ஆகச் சேர்க்கலாமா?

அனுமதி இருந்தால் சேர்க்கலாம், அதனால் புதிய காதுகள் கிடைப்பதும் உண்மை. மூன்று நிபந்தனை: முதல் விநாடிகளிலேயே பாடியவர் பெயரும் ஊரும் திரையில் எழுத்தாக வர வேண்டும், முழுப் பதிவு எங்கே இருக்கிறது என்ற இணைப்பு வேண்டும், வாழி வரிகளையும் குருவடியையும் துண்டாக்கக் கூடாது. ஒருவர் தன் ஆசானை வணங்கும் வரியைத் தாளத்துக்காக நறுக்குவது சரியல்ல.

பாடல் வரிகளை எழுதிவைக்க வேண்டுமா?

கட்டாயம். ஒரு மணி நேரப் பதிவுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஒதுக்குங்கள். கேட்டபடியே எழுதுங்கள், இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பதிவுகளில் மலையாளச் சொற்கள் தாராளமாக வரும், அவை பிழையல்ல. குடும்பத்தில் ஏடோ நோட்டோ இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் ஏட்டில் இருப்பதை வைத்துப் பாடியதைத் திருத்தக் கூடாது. மேடையில் அந்த இரவு அவர் கூட்டிச் சேர்த்த வரிகள் ஏட்டில் கிடைக்காது, நாடாவில் மட்டும்தான் இருக்கின்றன.

கோப்புகளை எங்கே வைப்பது?

மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, குருகிராமிலுள்ள இனவியல் இசைக்கான காப்பகம் போன்ற இடங்களை எழுதிக் கேட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், கதை, ஆண்டு, கேசட் எண், பக்கம் வரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேளுங்கள், ஹார்டு டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை.

மூலக் கேசட்டை என்ன செய்வது?

யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே திருப்பிக் கொடுங்கள். முழுவதையும் ஒரே பக்கத்துக்குச் சுற்றி, உறையில் புத்தகம்போல நிமிர்த்தி, மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். உறைக்குள் ஒரு சீட்டு: பாடியவர்கள் எல்லோர் பெயரும், குடக்காரர் உட்பட, ஊர், கோயில், கதை, தேதி. பேனா மை மழைக்காலத்தில் ஊறிவிடும், பென்சிலால் எழுதுங்கள்.